கார் ஸ்டீரியோவுக்குப் பென்டிரைவில் பாட்டு அடுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி ஓட்டும்போது பாட்டைத் தேடக் கூடாது. கீழே இருக்கும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்பியவைதான். ஸ்டீரியோவுக்குப் பெரிய புத்தி கிடையாது. அது செய்யாத வேலையை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாமே செய்துவிட வேண்டும்.

ப்ளூடூத், ஆண்ட்ராய்டு ஆட்டோ எல்லாம் வந்த பிறகும் பென்டிரைவ் எதற்கு?

மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏறிப் பாருங்கள், அல்லது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில். சிக்னல் வரும் போகும், பாட்டும் அப்படியே. அது போக, ஒரே வண்டியை அப்பா, மகன், மருமகள் என்று மூன்று பேர் ஓட்டும் வீடுகளில் யார் போன் யாரோடு இணைந்திருக்கிறது என்பதே தனிப் பஞ்சாயத்து. பென்டிரைவ் சொருகியது சொருகியபடி இருக்கும். சாவியைத் திருப்பினால் பாடும். பாட்டுக்கு நடுவில் யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

32 ஜிபி போதும், தாராளமாகப் போதும். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. அப்படிப் பார்த்தால் 32 ஜிபியில் 2,500 பாட்டுக்கு மேல், 200 மணி நேரத்துக்கு மேல் போகும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு எட்டு முறை போய் வந்தாலும் தீராது. 128 ஜிபி வாங்கினால் ஃபார்மட் (பென்டிரைவில் கோப்புகளை எழுதிவைக்கும் முறை) சிக்கலும், ஸ்டீரியோ படித்து முடிக்கும்வரை காத்திருப்பதும்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

வெளியே அதிகம் நீட்டாத குட்டை ரகமாகப் பாருங்கள். கியர் பக்கத்தில் போர்ட் இருக்கும் வண்டிகளில் நீளமான பென்டிரைவ் முட்டி பட்டே வளைந்துவிடும். போர்ட்டும் சேர்ந்து போனால் செலவு வேறு. சாதாரணப் பென்டிரைவ்கள் பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் வேலை செய்யும் என்று குறிப்பிடப்பட்டவை. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே பாட்டுகளின் ஒரே பிரதி பென்டிரைவில் இருக்கவே கூடாது. மூலம் வீட்டில், வண்டியில் இருப்பது நகல்.

சந்தையில் 2 டிபி என்று அச்சிட்டுச் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை போலி. கம்ப்யூட்டரில் 2 டிபி என்றே காட்டும். உள்ளே உண்மையில் இருப்பது நிரம்பியதும் பழைய பாட்டின் மேலேயே எழுதத் தொடங்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் குட்டு உடையும்.

பென்டிரைவைச் சொருகினால் ‘நோ ஃபைல்’, ‘அன்சப்போர்டட்’ என்கிறது. கம்ப்யூட்டரில் நன்றாகத் திறக்கிறதே?

பத்தில் ஒன்பது முறை ஃபார்மட்தான் காரணம். கார் ஸ்டீரியோக்களின் தாய்மொழி ஃபேட்32. புதியவை எக்ஸ்ஃபேட்டையும் படிக்கும். என்டிஎஃப்எஸ்ஸைச் சில மட்டுமே படிக்கும். மேக்கின் ஏபிஎஃப்எஸ்ஸை எதிர்பார்க்கவே வேண்டாம். கடையில் வாங்கும் 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பழைய வண்டிக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

32 ஜிபி வரை விண்டோஸில் வலது கிளிக், ஃபார்மட், ஃபேட்32 என்று முடித்துவிடலாம். அதற்கு மேல் போனால் விண்டோஸின் அந்தப் பெட்டியில் ஃபேட்32 என்ற தேர்வே காணாமல் போய்விடும். ரூஃபஸ் போன்ற மென்பொருளில் ‘நான்-பூட்டபிள்’ என்று வைத்துக்கொண்டு செய்யலாம். அப்போதே பார்ட்டிஷன் முறையை (பென்டிரைவின் இடத்தைப் பிரித்துக் குறிக்கும் முறை) எம்பிஆர் என்று வையுங்கள். ஜிபிடி என்றால் பல ஸ்டீரியோக்கள் பென்டிரைவைக் கண்டுகொள்ளாது. மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட், மாஸ்டர் பூட் ரெக்கார்டு இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபார்மட்டில் குறையில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள். புதிய வண்டிகளில் இரண்டு மூன்று போர்ட் இருந்தாலும் பாட்டுக்கு ஒன்றுதான் ஆகும். மற்றவை சார்ஜ் ஏற மட்டும்.

கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கும் பாட்டு வண்டியில் தாறுமாறாகப் பாடுகிறது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கம்ப்யூட்டர் ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது பெயர்களை அகர வரிசைப்படுத்தி நமக்குக் காட்டுகிறது. பென்டிரைவுக்குள் அந்த வரிசை இல்லை. ஃபேட் முறையில் ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப் பட்டியல். எது முதலில் காப்பி ஆனதோ அது முதலில். நிறைய ஸ்டீரியோக்கள், குறிப்பாக விலை மலிவானவை, அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக அப்படியே பாடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அழித்த பாட்டு இருந்த காலி இடத்தில் புதுப் பாட்டு போய் உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் ‘நேற்றுப் போட்ட பாட்டு எப்படி மூன்றாவதாக வந்தது’ என்ற குழப்பம். விண்டோஸில் ஐம்பது பாட்டைத் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது எந்தப் பாட்டின் மேல் மவுஸை அழுத்தி இழுக்கிறோமோ அதுவே முதலில் காப்பி ஆகக்கூடும். முதல் பாட்டைப் பிடித்து இழுங்கள்.

நிரந்தரத் தீர்வு இரண்டு. ஒன்று, பென்டிரைவைக் காலி செய்து, வரிசைப்படுத்திய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்வது. இன்னொன்று, அந்தப் பெயர்ப் பட்டியலையே அகர வரிசைக்கு மாற்றி எழுதும் மென்பொருள்: விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட். சில நொடி வேலை. பாட்டு எதுவும் இடம் மாறாது, பட்டியல் மட்டும் மாறும்.

பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தும் ஸ்டீரியோவாக இருந்தாலும் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. 1, 2, 3 என்று பெயரிட்டால் அது 1, 10, 11, 2 என்று பாடும். 01, 02 என்று தொடங்குங்கள். நூறு தாண்டும் ஃபோல்டருக்கு 001.

ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது? படவாரியாகவா, இசையமைப்பாளர்வாரியாகவா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் படவாரியாக வையுங்கள். ஆவணத்துக்கு அதுதான் அழகு. வண்டிக்கு அது சரிப்படாது. ஒரு தமிழ்ப் படத்தில் ஐந்தாறு பாட்டு. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நானூறு படத்துக்கு நானூறு ஃபோல்டர் என்றால் செங்கல்பட்டு சுங்கச்சாவடிக்குள் திருகியைத் திருகிக் கை ஓய்ந்துவிடும்.

இசையமைப்பாளர்வாரியாகப் பிரிப்பது அதைவிட மேல். ஆனால் இளையராஜா என்று ஒரே ஃபோல்டரில் எண்ணூறு பாட்டைக் கொட்டினால் அதுவும் கிணறுதான். என் கட்சி வேறு: வண்டியில் யார் இருப்பார்கள், எந்த நேரம், எவ்வளவு தூரம் என்பதை வைத்துப் பிரியுங்கள். ‘01 காலை’ என்ற ஃபோல்டரில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி எம்.எஸ். சுப்புலட்சுமி, சூலமங்கலம் சகோதரிகள். ‘02 அப்பா’ என்றால் எம்.எஸ். விஸ்வநாதன், கே.வி. மகாதேவன் காலம். ‘03 ராஜா 80’, ‘04 ரஹ்மான் 90’, ‘05 குழந்தைகள்’, ‘06 ராத்திரி’. இங்கே தமிழில் எழுதினாலும் பென்டிரைவில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

ஒரு ஃபோல்டரில் நாற்பது முதல் அறுபது பாட்டு, அதாவது மூன்று முதல் ஐந்து மணி நேரம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம். மொத்தம் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாவிட்டால் எண்ணே மனப்பாடமாகிவிடும்: மூன்று முறை தட்டினால் ராஜா. திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒரே பாட்டு இரண்டு ஃபோல்டரில் இருந்தால் என்ன? இருக்கட்டும்.

ராத்திரி ஃபோல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி என்றதும் எல்லோரும் மெல்லிசையாக அடுக்குகிறார்கள். பின்சீட்டில் தூங்குபவர்களுக்கு அது சரி. உளுந்தூர்பேட்டை தாண்டி அதிகாலை மூன்று மணிக்கு ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு அது ஆபத்து. வாயைத் திறந்து கூடவே பாடத் தோன்றும் பாட்டுகளாக வையுங்கள், டப்பாங்குத்தும் கலந்து.

பெரிய சேகரம் வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோவின் கையேட்டை ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள். ஃபோல்டருக்கு இத்தனை பாட்டு, மொத்தம் இத்தனை ஃபோல்டர், இத்தனை அடுக்கு என்று வரம்பு இருக்கும். வரம்பைத் தாண்டிய பாட்டுகள் பென்டிரைவில் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும்.

தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகக் காட்டுகிறதே?

ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆண்ட்ராய்டில் ஓடும் ஸ்டீரியோக்களில் தமிழ் ஒழுங்காக வரும். நிறுவனமே பொருத்தித் தரும் பலவற்றில் கட்டம், கேள்விக்குறி, அல்லது வெறும் வெளி. இன்னொரு ரகம் உண்டு: எழுத்துரு இருக்கும், எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும்.

ஆங்கில எழுத்தில் சாய்கோடு போட்ட ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் என்று மாறி மாறி வந்தால், அது யூடிஎஃப்-8 முறையில் எழுதிய தமிழை ஸ்டீரியோ லத்தீன் என்று நினைத்துப் படிப்பதன் விளைவு. பாட்டு, பாடகர், படம் பெயர்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்புக்கு டேக் என்று பெயர். அதைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளின் அமைப்பில் டேக் வகையை ‘ஐடி3வி2.3, யூடிஎஃப்-16’ என்று மாற்றி மறுபடி சேமித்துப் பாருங்கள். வி2.4ஐவிட 2.3 பழையது, பழைய ஸ்டீரியோக்கள் அதைத்தான் நன்றாகப் படிக்கும்.

அதிலும் வரவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் நகலில் மட்டும் ஆங்கில எழுத்துக்கு இறங்குங்கள். வீட்டிலிருக்கும் மூலம் தமிழிலேயே இருக்கட்டும். பெயரைச் சுருக்கமாக வையுங்கள்: எண், பாட்டின் முதல் இரண்டு சொல், படம். திரையில் பதினைந்து இருபது எழுத்துக்கு மேல் தெரியாது. படப் பெயரை முன்னால் போட்டால் ஐந்து பாட்டுக்கும் ஒரே பெயர்தான் தெரியும்.

ஆர்ட்டிஸ்ட் பட்டியலில் இளையராஜா நான்கு பேராக வருகிறார்!

ஒருவர் நடுவில் ஒய் போட்டு எழுதுகிறார், ஒருவர் ஐ போடுகிறார், ஒருவர் ராஜாவுக்கு இரண்டு ஏ. ஏ.ஆர். ரஹ்மானுக்கோ புள்ளியும் இடைவெளியும் மாறி மாறி. ஸ்டீரியோவுக்கு ஓர் எழுத்து வேறுபட்டாலும் வேறு ஆள். எம்பி3டேக்கில் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் திறந்து, ஆர்ட்டிஸ்ட் நிரலைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் நால்வரும் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயரை எழுதிச் சேமியுங்கள்.

எம்பி3 டேக் மேற்கத்திய பாப் இசையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது: ஒரு பாடகர், அவருடைய ஆல்பம். நம் பாட்டில் பாடியவர் ஒருவர் அல்லது இருவர், இசை ஒருவர், வரி இன்னொருவர், ஆல்பமோ படம். ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர்களை எழுதினால் எஸ்.பி. பாலசுப்ரமணியம் தனியாக ஒரு ஆள், எஸ். ஜானகியோடு ஓர் ஆள், சித்ராவோடு ஓர் ஆள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். வண்டிக்கான நகலில் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இரண்டிலும் இசையமைப்பாளரையே எழுதுவது உத்தமம். பாடகர் பெயர் வேண்டும் என்பவர்கள் பாட்டின் தலைப்பின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆல்பத்தில் படத்தின் பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள். 1980இல் வந்த ‘பில்லா’வுக்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசை, 2007இல் வந்ததற்கு யுவன் சங்கர் ராஜா. ஆண்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாகக் குழம்பும்.

பாட்டின் பெயரில், படத்தின் பெயரில், எங்கு பார்த்தாலும் ஏதோ இணையதளத்தின் பெயர் ஓடுகிறது.

எங்கிருந்து வந்த பாட்டு என்று கேட்கப் போவதில்லை. டேக்கில் அந்தத் தளத்தின் பெயரைத் தேடி, காலியாக மாற்றும் வசதி எம்பி3டேக்கில் ஆக்‌ஷன் என்ற பிரிவில் இருக்கிறது. கமென்ட், காப்பிரைட், அட்டைப்படம் இவற்றிலும் ஒளிந்திருக்கும்.

பழைய பாட்டுக்குச் சத்தத்தைக் கூட்டினால், அடுத்து வரும் புதுப் பாட்டு காதைக் கிழிக்கிறது.

தொண்ணூறுகளுக்குப் பிறகு உலகமெங்கும் ஒலிப்பதிவைச் சத்தமாக முடிப்பது வழக்கமாகிவிட்டது. அறுபதுகளின் மோனோ பதிவுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் இப்படித்தான். பாட்டின் சத்தத்தை எவ்வளவு கூட்ட, குறைக்க வேண்டும் என்று சொல்லும் ரீப்ளே கெயின் என்ற டேக் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலான கார் ஸ்டீரியோக்கள் மதிப்பதில்லை. எம்பி3கெயின் என்ற மென்பொருள் டேக்கை நம்பாமல் எம்பி3யின் ஒவ்வொரு சட்டகத்திலும் (சிறு துண்டிலும்) இருக்கும் ஒலி அளவையே 1.5 டெசிபெல் படிகளில் மாற்றுகிறது. பாட்டை மறுபடி சுருக்குவதில்லை, ஆகவே தரம் குறையாது; பிடிக்காவிட்டால் பழைய அளவுக்கே திருப்பலாம். அது இயல்பாக வைத்திருக்கும் இலக்கு 89 டெசிபெல். எல்லா ஃபோல்டரையும் அதே இலக்கில் ஒரு சுற்று ஓட்டிவிட்டால் டி.எம். சௌந்தரராஜனும் அனிருத்தும் ஒரே வண்டியில் சண்டையில்லாமல் வருவார்கள்.

தரம் குறையாமல் சேமிக்கும் எஃப்எல்ஏசி கோப்பு போட்டால் வித்தியாசம் தெரியுமா?

ஓடும் வண்டியில் டயர் சத்தம், ஏசி சத்தம், லாரி ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவே? எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல 192 அல்லது 256 கேபிபிஎஸ் எம்பி3 போதும். 128இல் இருப்பதை 320 ஆக மாற்றுவது வீண் வேலை. கோப்புதான் பெருக்கும், போன ஒலி திரும்பாது.

எம்பி3 எல்லா ஸ்டீரியோவிலும் பாடும். எம்4ஏ பலவற்றில் பாடும். ஓக், ஓபஸ் இரண்டும் அரிது. மாதச் சந்தா ஆப்பில் ‘டவுன்லோடு’ செய்த பாட்டைக் காப்பி செய்ய முடியாது. அது பூட்டிய கோப்பு, அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும். உங்கள் சிடிகளிலிருந்து எடுத்தது, பூட்டில்லாமல் விலைக்கு வாங்கியது ஆகியவைதான் பென்டிரைவுக்கு ஆகும்.

மேக்கில் காப்பி செய்தால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் பாடாத ஒரு பாட்டு வருகிறது.

புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைவுக் கோப்புகள் அவை. மேக் தன் வசதிக்காக எழுதிவைப்பது. ஸ்டீரியோ அதையும் பாட்டு என்று நம்பி முயன்று தோற்று அடுத்ததுக்குத் தாவும். பென்டிரைவைக் கழற்றுமுன் டெர்மினலில் டாட்_கிளீன் கட்டளையை -எம் குறியோடு ஓட்டினால் போய்விடும்.

கச்சேரிப் பதிவுகளை எப்படி வைப்பது?

கச்சேரி ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர். வர்ணத்தில் தொடங்கி ராகம் தானம் பல்லவி, துக்கடா, மங்களம் என்ற வரிசை குலையக் கூடாது. அதனால் எண் இங்கே கட்டாயம். ஷஃபிள் பொத்தான் தெரியாமல் அமுங்கினால் மங்களத்துக்குப் பிறகு வர்ணம் வரும். ஆலாபனையும் கீர்த்தனையும் இரண்டு கோப்பாக இருந்தால் நடுவே ஒரு நொடி அறுபடும். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இரண்டையும் ஒட்டி ஒரே கோப்பாக்கிவிடலாம்.

கேசட்டிலிருந்து மாற்றியவை பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரக் கோப்பாக இருக்கும். ஆடாசிட்டியில் பாட்டு தொடங்கும் இடங்களில் லேபிள் போட்டு, எக்ஸ்போர்ட் ஆடியோவில் ‘மல்டிபிள் ஃபைல்ஸ்’ (பழைய பதிப்புகளில் ‘எக்ஸ்போர்ட் மல்டிபிள்’) கொடுத்தால் தனித்தனிப் பாட்டாக வரும். எம்பி3யாக ஏற்கெனவே இருந்தால் எம்பி3டைரக்ட்கட்டில் வெட்டுங்கள். மறுபடி சுருக்காமல் வெட்டும்.

வண்டியைக் கிளப்பியதும் பாட்டு வர ஒரு யுகம் ஆகிறது.

முதலில் கோப்பின் எண்ணிக்கை. ஸ்டீரியோ ஒவ்வொரு முறையும் எல்லா டேக்கையும் படித்துப் பட்டியல் போடுகிறது என்றால் ஐயாயிரம் பாட்டுக்கு நேரமாகத்தான் ஆகும். இரண்டாவது, அட்டைப்படம். 3000க்கு 3000 பிக்சல் படம் ஒவ்வொரு பாட்டிலும் ஒட்டியிருந்தால் திணறும்; சிலவற்றில் படமே வராது. 500க்கு 500, சாதாரண ஜேபெக். ‘புரோகிரசிவ்’ வகை ஜேபெக் பல ஸ்டீரியோக்களுக்கு ஒவ்வாது. பாட்டைத் தவிர மற்றதெல்லாம், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஆதார் நகல், கல்யாண வீடியோ, அந்தப் பென்டிரைவில் இருக்கவே வேண்டாம்.

வண்டியில் யூஎஸ்பி போர்ட்டே இல்லை. வழி உண்டா?

ஸ்டீரியோ மாற்ற மனமில்லை என்றால் சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். பென்டிரைவை அதில் சொருகி, வண்டியின் ரேடியோவில் கேட்பது. திரையில் வெறும் எண்தான் தெரியும். பெரும்பாலும் காப்பி ஆன வரிசையில்தான் பாடும், ஆகவே மேலே சொன்ன டிரைவ்சார்ட் விஷயம் இதற்குத்தான் அதிகம் பொருந்தும். சென்னையில் 91க்கு மேல் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. 88ஐ ஒட்டி வைத்துப் பாருங்கள். ஊர் மாறி இரைச்சல் வந்தால் அலைவரிசையை மாற்றுவதற்கு வண்டியை ஓரம் கட்டிக்கொள்ளுங்கள்.